ஊன்றிய கத்தி

பாசிர் கூடாங் வட்டாரத்துப் போலீஸ் நிலையம் ஒன்றில் சார்ஜன் சந்திரமதிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எல்லோரும் சொல்வார்கள். கால் சார்ஜன்.

காரணம் அவள் கேட்கும் கேள்வி. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஆளை வெட்டியவனாக இருக்கட்டும், சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டு அழும் பெண்ணாக இருக்கட்டும், சந்திரமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் இதைத்தான் கேட்பாள். "அந்த நேரத்துல உங்க கால் எங்க இருந்துச்சு?"

கேட்கப்பட்டவர் திருதிருவென்று விழிப்பார். பொய் சொல்ல வந்தவன் முகத்துக்கும் கைக்கும் நேரத்துக்கும் பதில் தயார் செய்துகொண்டு வந்திருப்பான். காலுக்கு எவனும் தயார் செய்வதில்லை. உண்மை சொல்ல வந்தவருக்கோ, நின்ற தரை ஞாபகம் வந்தால் அதன் ஈரம் வரும், வாசனை வரும், சத்தம் வரும், கடைசியில் ஆளும் வருவான். நாற்பது வயதுக்கு மேல் தபாலில் உளவியல் பட்டம் படித்தாளே, அதிலிருந்து வந்த கேள்வி என்று நிலையத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். கேள்வி அவளுக்குப் பதினோரு வயதிலேயே கிடைத்துவிட்டது.

கோத்தா திங்கிக்கு அப்பால் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஐந்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவள் அவள். அப்பா குலை வெட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கள்ளுக்கடைச் சண்டை லயத்துக்குள் வந்தது. சந்திரமதி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். காயாத சாரோங் ஒன்று முகத்துக்கு முன்னால் தொங்கியது. அதற்கு அடியில் அவள் பார்த்தது கால்களைத்தான். அப்பாவின் கால், இன்னும் மூன்று ஜோடிக் கால்கள். அரிவாள் இறங்கிய சத்தம் செம்பனைக் குலை தரையில் விழுகிற மாதிரி கேட்டது. அப்பாவின் முழங்கால் மடங்கியது. சாரோங்கை விலக்கிப் பார்த்தபோது அப்பாவின் தோள் கழுத்தைவிட்டுப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். அப்பா பிழைக்கவில்லை.

மறுநாள் போலீஸ் வந்து கேட்டபோது பக்கத்து லயத்துக் காளியம்மாவின் புருஷன்தான் வெட்டினான் என்று சொன்னாள். அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாள். லயமே அப்படித்தான் பேசிக்கொண்டது. சொல்லச் சொல்ல, சாரோங்குக்கு மேலே அந்த ஆளின் முகம் அவளுக்கே தெரியத் தொடங்கிவிட்டது. அதுதான் கொடுமை. நீதிமன்றத்தில் கை நீட்டிக் காட்டியபோது அவள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்த்ததாக நினைத்தாள். அந்த மனுஷன் பதினான்கு வருஷம் உள்ளே கிடந்து, வெளியே வந்த இரண்டாம் மாதம் இரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தான். அவன்தானா, வேறு எவனாவதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கோத்தா திங்கி சந்தையில் எப்போதாவது காளியம்மாவைப் பார்ப்பாள். காளியம்மா ஒரு வார்த்தை பேசாமல் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விடுவாள். செருப்பால் அடித்திருந்தால்கூட சந்திரமதிக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

இருபத்தோரு வயதில் போலீஸில் சேர்ந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பார்க்காத பிணம் இல்லை. கடைத்தெருவில் குடல் சரிந்து கிடந்தவனைப் பார்த்திருக்கிறாள். கட்டிய கணவனே அமிலம் ஊற்றியதில் கண் எது மூக்கு எது என்று தெரியாமல் போன பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், எந்தப் பக்கம் வாய் என்று தடவிப் பார்த்து. அதெல்லாம் அவளை உலுக்கும், ஆனால் படுத்தால் தூக்கம் வந்துவிடும். தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே ஒன்றுதான். தப்பான ஆளை நோக்கி நீளும் கை. தன் கண்ணெதிரே இன்னொரு தடவை அது நடக்க விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் படிப்பு, அந்தக் கேள்வி, எல்லாம்.

மதிவாணன் கொலை வழக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மதிவாணன் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் ஆறு பஸ்கள் வைத்திருந்தவன். நல்ல உழைப்பாளி, ஆனால் சட்டென்று கை நீட்டிவிடுகிறவன். கோபம் வந்தால் எதிரே நிற்பது மனுஷனா மாடா என்று பார்க்கமாட்டான். கொலைக்கு ஒரு மாதம் முன்பு, அவனிடம் பஸ் ஓட்டிய வேலு அரை மணி நேரம் தாமதமாக வந்தான். மதிவாணன் அவனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, காலில் இருந்த செருப்பைக் கழற்றி, உதடு கிழியும்வரை அடித்தான். விலாவில் உதைத்தான். பஸ்ஸுக்குள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பதில் ஒருத்தி வேலுவின் மனைவி கோமளா. வேலு திருப்பிக் கை ஓங்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, சாவியை மண்ணில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு, பஸ் நிற்கும் இடத்தில் அலுவலகமாக வைத்திருந்த கொள்கலன் பெட்டிக்குள் மதிவாணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி மலர் சோறு கொண்டுவந்திருந்தாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மழைச்சட்டை, முகத்தை முழுக்க மூடிய ஹெல்மெட், கையில் பாராங் கத்தி. மதிவாணன் எழுந்து பின்கதவுக்கு ஓடினான். முதல் வெட்டு குதிகாலில் விழுந்தது. நரம்பு அறுந்து அவன் குப்புற விழுந்த பிறகு அவர்கள் அவசரமே படவில்லை. மொத்தம் பதினோரு வெட்டு. நடுவில் புகுந்த மலருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதை பிளந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள வாட்சப் குழுக்களிலெல்லாம் செய்தி பறந்தது. கழுத்தில் மூன்று வெட்டு என்று எவனோ குரல்பதிவு போட்டிருந்தான், பக்கத்தில் நின்று எண்ணியவன் மாதிரி. வழக்கை எடுத்துக்கொண்ட இன்ஸ்பெக்டர் பிரேமகுமார் அதைக் கேட்டுவிட்டுச் சந்திரமதியைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க வேலை, நிதானமான மனுஷன்.

"குதிகால் மேட்டர் வெளிய போகக்கூடாது சார்ஜன். டாக்டருக்கு, உங்களுக்கு, எனக்கு. அவ்வளவுதான். உண்மையா வெட்டுனவன் அத அவன் வாயால சொல்லணும்."

"நல்லதுங்க துவான்," என்றாள். இப்படி ஒரு விவரத்தை மறைத்து வைப்பது அவள் படித்த பாடம். அதைச் சொல்லாமலே செய்கிற அதிகாரி கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலு தானே நடந்து நிலையத்துக்கு வந்தான். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகப்பில் இருந்த காவலரிடம், "மதிவாணன நான்தான் கொன்னேன் சார்," என்றான்.

யாரும் அவனை மிரட்டவில்லை, ஒரு விரல்கூட மேலே படவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. எத்தனை வெட்டு என்று கேட்டார்கள், மூன்று என்றான். எங்கே என்று கேட்டார்கள், கழுத்தில் என்றான். கத்தி எங்கே என்றதும், தான் பிறந்த தோட்டத்தில் இருக்கிறது, காட்டுகிறேன் என்றான். கோத்தா திங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே முனியாண்டி மேடை. ஏற்கெனவே ஏழெட்டுத் துருப்பிடித்த கத்திகள் ஊன்றியிருந்த இடத்தில் புதுசாக ஒரு பாராங் கத்தி நின்றது. அதில் காய்ந்த இரத்தம்.

"சாமி கத்திங்களுக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருக்கான், கெட்டிக்காரன்," என்றார் பிரேமகுமார் திரும்பி வந்து. போலீஸிடம் வாயால் ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் ஒருவன் சொல்லி, காட்டி, எடுத்த கத்தி நிற்கும். ஆஸ்பத்திரியில் மலரும் வேலு பெயரைத்தான் சொல்லியிருந்தாள். ஏழு நாள் காவலுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. இரண்டாவது ஆளும் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்த மாதிரிதான்.

"மூணு வெட்டுன்னுதானே சொல்றான் துவான். குதிகால் பத்திச் சொல்லலயே," என்றாள் சந்திரமதி.

"பதட்டத்துல மறந்திருப்பான் லா."

"கொன்னவன் முதல் வெட்டையா மறப்பான்?"

பிரேமகுமார் பேனாவை மூடி வைத்தார். "சரி. மொதல்ல மலர்கிட்ட பேசுங்க. அப்புறம் அவன்கிட்ட. ஒங்க ஸ்டைல்ல."

ஆஸ்பத்திரியில் மலர் கைக்கட்டோடு படுத்திருந்தாள். கணவனின் தம்பி செல்வா பக்கத்தில் நின்றான். இருபத்தாறு வயது, அண்ணன் கையால் வளர்ந்தவன், கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சந்திரமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலுதான் அக்கா. நான் பாத்தேன்," என்றாள் மலர்.

"இருக்கட்டும்மா. கண்ண மூடிக்குங்க. அந்தப் பெட்டிக்குள்ள, ஒங்க கால் எங்க இருந்துச்சு?"

மலர் கண்ணை மூடிக்கொண்டாள். சந்திரமதி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேள்விக்குள்ளேயே பதிலைப் பொதிந்து கொடுக்கக்கூடாது, இடையில் வரும் மௌனத்தை நிரப்பக்கூடாது. படித்ததிலேயே கஷ்டமான பாடம் அதுதான். கடைசியில் மலரின் பாதம் போர்வைக்குள் அசைந்தது.

"ரசம் கொட்டிருச்சு. சூடு. வலது கால்ல. டீசல் வாசம். நான் தரையில கெடக்கேன். ஒருத்தன் கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். இன்னொருத்தன் கேன்வாஸ் ஷூ. அந்த ஷூ முனையில வெள்ளி டேப்பு சுத்தியிருந்துச்சு. அந்த ஷூ வந்து நின்னு, அவரு குதிகால..." மலர் கட்டிலின் ஓரத்தில் வாந்தியெடுத்தாள். சந்திரமதி முதுகைத் தடவிக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

"வேலு மூஞ்சிய எந்த இடத்துல பாத்தீங்க?"

"பாக்கல அக்கா," என்று சொல்லிவிட்டு மலரே திகைத்துப் போனாள். "ஹெல்மெட்டு போட்டிருந்தாங்களே. செல்வாதான்... ஆம்புலன்ஸுல செல்வா சொன்னான், வேற எவன் இருக்கான், வேலுதான்னு. அதுலேர்ந்து கண்ண மூடுனா வேலு மூஞ்சிதான் தெரியுது."

ஈரச் சாரோங்குக்கு மேலே தெரிந்த முகம் முப்பத்தெட்டு வருஷம் கழித்து இந்தக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தது. அப்போது தன்னிடம் ஒருத்தராவது இப்படிக் கேட்டிருந்தால் என்று நினைத்தபோது சந்திரமதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சீருடையில் இருக்கிறோம் என்று அடக்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே வேலுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். விலங்கைக் கழற்றச் சொன்னாள். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"செவ்வாய்க்கெழம பன்னண்டே முக்காலுக்கு ஒங்க கால் எங்க இருந்துச்சு வேலு?"

"வீட்டுல அக்கா," என்றான், தயங்காமல். "கட்டில்ல. வெலாவலி எந்திரிக்க விடல. கோமளா வேலைக்குப் போயிருந்துச்சு."

"அப்ப மதிவாணன யாரு கொன்னா?"

"நான்தான்."

வேறு அதிகாரிகள் இங்கே சீறியிருப்பார்கள், விளையாடுறியா என்று மேசையைத் தட்டியிருப்பார்கள். சந்திரமதி காத்திருந்தாள். வேலு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். அடி வாங்கின வாரம் ஒரு சிவப்புச் சேவலை எடுத்துக்கொண்டு தோட்டத்து முனியிடம் போனான். சேவலை அறுத்து, அந்தக் கத்தியை முனி முன்னால் ஊன்றினான். மதிவாணன் பெயரை மூன்று தடவை சொன்னான். கழுத்தைக் கொடு, மூன்று செவ்வாய்க்குள் எடுத்துக்கொள் என்று கேட்டான். முதல் செவ்வாய் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் நடக்கவில்லை. கோபம் ஆறிவிட்டது, போய்க் கத்தியைப் பிடுங்கி வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதற்குள் விலாவலி முற்றிவிட்டது, போக முடியவில்லை. மூன்றாம் செவ்வாய், உச்சி நேரத்தில், நடந்துவிட்டது.

"கழுத்துல மூணு வெட்டுன்னு போன்ல கேட்டேன். நான் மூணு தடவதான் பேரச் சொன்னேன். ரெண்டு பேரு வந்தாங்களாம், மூஞ்சியே தெரியலயாம். அது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா அக்கா. நீங்களும் தோட்டத்துப் புள்ளதானே."

அவன் பொய் சொல்லவில்லை. பைத்தியமும் இல்லை. மனசாரக் கொன்றவன், கையால் தொடாதவன். சந்திரமதி நான்கு பக்கம் அறிக்கை எழுதினாள். ஒப்புக்கொள்பவன் எல்லாம் செய்தவன் அல்ல. அடித்து வாங்கும் பொய் ஒப்புதல் உண்டு, களைத்துப்போய்ச் சொல்லும் ஒப்புதல் உண்டு, தானே செய்ததாக நம்பிச் சொல்வதும் உண்டு என்று உதாரணங்களோடு எழுதினாள். பிரேமகுமார் அதை இரண்டு முறை வாசித்தார். காவலின் ஆறாம் நாள் ரசாயனக் கூடத்திலிருந்து தாள் வந்தது. கத்தியில் இருந்தது கோழி இரத்தம்.

"அலமாக்," என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார் பிரேமகுமார். "நல்லவேள சார்ஜன். ஒரு அப்பாவிய உள்ள தள்ளியிருப்பேன்."

அடுத்த நாள், மதிவாணன் செத்த எட்டாம் நாள், வேலுவை விட்டார்கள். சந்திரமதியே வாசல்வரை கூட வந்தாள். அவனை நிற்க வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். வெட்டியது இரண்டு மனுஷர்கள். ஒருவன் ஷூவில் டேப் ஒட்டியிருக்கிறது. முனி ஷூ போடாது. நீங்கள் வீட்டில் படுத்திருந்தீர்கள். நீங்கள் கொல்லவில்லை.

"சரிங்க அக்கா," என்றான் வேலு. பிறகு, "அந்தக் கத்திய குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"அது எக்ஸிபிட்டு வேலு. இந்தக் கேசுல எடுத்தது."

"சாமிகிட்ட சொல்லாம புடுங்கிட்டாங்க அக்கா. நான் அன்னைக்கே வேணாம்னு கத்துனேன். சொல்லிட்டுத்தான் புடுங்கணும். வச்சவன் கையாலதான் புடுங்கணும். இல்லாட்டி அது நிக்காது. அடுத்து எங்க வீட்டுக்குத்தான் வரும். கோமளாவுக்கு வரும். ஒரு நாள் குடுங்க, திரும்ப ஊனி, மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டு, ஒங்ககிட்டயே தந்துடறேன்."

சந்திரமதி சிரித்தாள். ஏளனமாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தாள். ஆனாலும் சிரித்தாள். "கேஸ் முடியட்டும், எழுதிக் குடுத்து வாங்கிக்கலாம். இது ஒங்க மனசுல இருக்கற குற்ற உணர்ச்சி. இதுக்குப் பேசறதுக்கு ஆளு இருக்காங்க, நம்பர் தர்றேன்." தாளில் ஒரு ஆலோசகரின் எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எப்பக்கா கேஸ் முடியும்?"

"ஒரு வருஷம். ரெண்டு வருஷம் ஆகலாம்."

"சரிங்க அக்கா," என்றான்.

அவன் போன பிறகு அவள் மேசைக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து வழக்குக் கோப்பை எழுதி முடித்தாள். மீ கோரெங் வாங்கிவரச் சொல்லி ருசித்துச் சாப்பிட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. காளியம்மாவை இந்த வாரம் சந்தையில் பார்த்தால் நானே போய்ப் பேசுவேன் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

மதிவாணனின் பதினாறாம் நாள் காரியம் ஒரு புதன்கிழமை காலையில் அவன் வீட்டு வாசலில் நடந்தது. பந்தல் போட்டு, வாழையிலை விரித்து, பிண்டம் பிடித்து வைத்திருந்தார்கள். செல்வா மொட்டையடித்து, தேங்காய் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பத்தரை மணிக்கு வேலு வந்தான். தலைக்குக் குளித்து, துவட்டாத ஈர வேட்டிக்கு மேல் அந்த வெள்ளைச் சட்டையோடு, நேராகக் கூட்டத்துக்குள் நடந்து போனான். யாரும் தடுக்கவில்லை. அவன் யார் என்று பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் மலரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் கொன்னேன்மா. ஒங்க புருஷன நான்தான் கேட்டு வாங்குனேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லாட்டி என்னைய எடுத்துக்குங்க, என் வீட்ட விட்டுருங்க."

அவன் முகத்தைத் தான் பார்க்கவே இல்லை என்று மலருக்குத் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் செல்வா தேங்காய் வெட்டிய பாராங் கத்தியோடு வந்துவிட்டான். முதல் வெட்டு பிடரியில். இரண்டாவது காதோடு சேர்த்துத் தாடையில். மூன்றாவது தோளில் இறங்கி எலும்பில் சிக்கிக்கொண்டது. செல்வா காலால் மிதித்து அதைப் பிடுங்கி நான்காவதை வெட்டினான். பிண்டத்தின்மேலும் மலரின் புடவைமேலும் இரத்தம் அடித்தது. வேலு கத்தவில்லை. ஓட முயலவில்லை. காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

சந்திரமதி போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது. வாழையிலைகளுக்கு நடுவே மண்டியிட்டு, தன் சீருடையின் மேல்சட்டையைக் கழற்றிப் பிடரியில் அழுத்தினாள். விரலிடுக்கு வழியாகச் சூடாக வந்துகொண்டே இருந்தது. அவன் கண் அவளைப் பார்த்தது; அடையாளம் கண்டதா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் பெரிய சாலையைத் தொடுவதற்குள் போய்விட்டான். சட்டைப் பையில் அவள் எழுதிக் கொடுத்த எண் இருந்தது, மடிப்புக் கலையாமல்.

அதற்கு அடுத்த நாள் கெலாங் பாத்தாவில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். பஸ் பாதைத் தகராறில் எவனோ ஏவிவிட்ட ஆட்கள். ஒருவன் வீட்டு வாசலில் முனையில் வெள்ளி டேப் சுற்றிய கேன்வாஸ் ஷூ கிடந்தது. முதலில் எங்கே வெட்டினாய் என்று கேட்டதும், குதிகால் என்றான். நிலையத்தில் வேறு இடமில்லாததால் அவர்களைச் செல்வா இருந்த அறைக்கு அடுத்த அறையில் வைத்தார்கள்.

செல்வாவின் வாக்குமூலத்தை எடுக்க வேறு ஆளைப் போடுகிறேன் என்றார் பிரேமகுமார். வேண்டாம் என்றாள் சந்திரமதி. மொட்டைத் தலையோடு அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் இன்னும் இரத்தம் இருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கேள்வி வாய்வரை வந்தது, கேட்க முடியவில்லை.

அவனே பேசினான். "எனக்குத் தெரியாதுக்கா. அண்ணி காலப் புடிச்சிக்கிட்டு நான்தான் கொன்னேன்னு அவனே சொன்னான். அண்ணன் காரியத்துல, எல்லாரு முன்னாலயும். அப்புறம் நான் என்ன பண்றது. அது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும், ஒங்க துவானுக்குத் தெரியும். யாராவது எங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வேலுவை ஏன் விட்டார்கள் என்று கோப்பில் நான்கு பக்கம் இருந்தது. செத்தவன் வீட்டில் ஒருவருக்கும் ஒரு வரி சொல்லவில்லை. விசாரணை நடக்கிறது, வெளியே பேசக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அது ஒன்று. இன்னொன்றை எழுதக்கூட அவளுக்கு இடமில்லை. கத்தியை ஒரு நாள், பிரேமகுமாரிடம் சொல்லி, காவலுக்கு இரண்டு பேரைப் போட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஊன்றி எடுக்க வைத்திருக்கலாம். அரை நாள் வேலை. ஐந்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவளுக்கு, ஊன்றியவன் கையால் பிடுங்காத கத்தி ஒருவனை என்ன செய்யும் என்று புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தும் சிரித்தாள்.

வேலுவின் பாராங் கத்திக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டதால், அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று தாள் வந்தது. இரண்டு வருஷம் ஆகவில்லை. பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. சந்திரமதி விடுப்பு எடுத்துக்கொண்டு, சீருடை இல்லாமல், பழுப்பு உறையில் சுற்றிய கத்தியோடு கோமளா வீட்டுக்குப் போனாள். கோமளா ஃபேக்டரிச் சட்டையோடு வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"இது வேலுவோடது," என்றாள் சந்திரமதி. "தோட்டத்துக்குக் கொண்டு போகணும்னா நானும் கூட வர்றேன்."

கோமளா உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆறு நாளா ஒங்க போலீஸ் பலாய்க்கு நடந்தாரு அக்கா. தெனமும் காலையில வந்து எதிர்க்கடையில நிப்பாரு. ஒங்களப் பாத்துக் கேட்டா குடுத்துருவாங்க, தோட்டத்துக்காரங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க சிரிச்சிருவீங்கன்னு உள்ள வரல."